'மயக்க ஊசி ஒத்துக்கல'ன்னு வீட்டில் பேச்சு இருக்கா? ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் சொல்லுங்க!

கரியமாணிக்கத்திலிருந்து ஆபரேஷனுக்காக ஜிப்மருக்கோ, கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ போகிறவர்களிடம் மயக்க மருத்துவர் கேட்கும் கேள்விகளில் ஒன்று: "உங்க சொந்தத்துல யாருக்காவது மயக்க மருந்தால பிரச்சினை வந்திருக்கா?" பலர் யோசிக்காமலே "இல்லைங்க" என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஏன் இந்தக் கேள்வி?

ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் கால் உடைந்து வந்த 21 வயது இளைஞருக்கு, எலும்பு முறிவை விட மயக்க மருந்து மேல்தான் பயம் அதிகம். காரணம், அவரது உறவினர்கள் 10 பேர் ஈதர் மயக்கத்தால் இறந்திருந்தார்கள். அதனால் ஈதருக்குப் பதில் ஹாலோத்தேன் கொடுத்தார்கள். அதிலும் உடல் கொதித்தது. மருந்தை நிறுத்தி, ஐஸ் வைத்துக் காப்பாற்றினார்கள். டென்பரோ, லோவெல் என்ற மருத்துவர்கள் 1960-ல் இதை 'லான்செட்' இதழில் எழுதினார்கள். 'மெலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா' என்ற பரம்பரைக் கோளாறு வெளிச்சத்துக்கு வந்தது இப்படித்தான்.

உடலில் என்ன நடக்கிறது?

பெரும்பாலும் ஆர்ஒய்ஆர்1 என்ற மரபணுவில்தான் மாற்றம் இருக்கும். தூண்டும் மருந்து உள்ளே போனதும் தசை செல்லுக்குள் கால்சியம் கட்டுக்கடங்காமல் கொட்டும். தசை விறைக்கும், கரியமில வாயு எகிறும், இதயம் படபடக்கும். காய்ச்சல் பல நேரம் கடைசியில்தான் தெரியும்.

எந்த மருந்துகள் தூண்டும்?

செவோஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன், டெஸ்ஃப்ளூரேன், ஹாலோத்தேன் போன்ற சுவாசிக்கும் மயக்க மருந்துகள். அதோடு, தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் ஊசி. புரோபோஃபால், கெட்டமைன், முதுகில் போடும் ஊசி, மரத்துப்போக வைக்கும் ஊசி இவையெல்லாம் தூண்டாது. முன்கூட்டியே தெரிந்தால் மாற்று வழி ரெடி.

மாற்று மருந்து உண்டா?

உண்டு, டான்ட்ரோலின். முதல் டோஸ் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 150 மில்லிகிராம், அதாவது 20 மில்லிகிராம் குப்பிகள் எட்டு வேண்டும். ஒவ்வொன்றையும் தண்ணீரில் கரைத்துத்தான் ஏற்ற வேண்டும். இந்தியாவில் எல்லா மருத்துவமனைகளிலும் இது கையிருப்பில் இருப்பதில்லை. அதனால் முன்பே சொல்லிவிடுவது இங்கே இன்னும் முக்கியம்.

'எனக்கு ஏற்கெனவே ஆபரேஷன் ஆச்சே, ஒண்ணும் ஆகலையே?'

அதை நம்பி இருக்க முடியாது. முன்பு பிரச்சினை இல்லாமல் மயக்கம் தெளிந்தவர்களுக்கும் அடுத்த முறை வரலாம். பெற்றோரில் ஒருவருக்கு இந்த மரபணு மாற்றம் இருந்தால் பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு.

வேறு காரணமும் இருக்கலாம்

'மயக்கம் தெளிய ரொம்ப நேரமாச்சு' என்பது வேறு சிக்கல். சக்சினைல்கோலினை உடைக்கும் என்சைம் சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது. தென்னிந்தியாவின் வைசிய சமூகத்தில் இந்தக் குறைபாடு ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. இதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

எனவே ஆபரேஷன் தேதி குறித்ததும், வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: "நம்ம சொந்தத்துல யாராவது ஆபரேஷன் டேபிள்ல இறந்திருக்காங்களா? உடம்பு கொதிச்சுதா? விறைச்சுதா?" 'ஊசி ஒத்துக்கல, போய்ட்டாரு' என்று அப்பத்தா எப்போதோ சொன்ன ஒரு வரி, உங்கள் உயிரைக் காப்பாற்றலாம்.