மெயிலுக்கு குட்பை... பைப் ஆர்கனுக்கு வெல்கம்! ஒரு புரோகிராமரின் நிதான வாழ்க்கை

இரவு 11 மணிக்கு ஆபீஸ் குரூப்பில் மெசேஜ். காலையில் கண் விழித்தால் இன்பாக்ஸில் வரிசைகட்டி நிற்கும் மெயில்கள். ஐ.டி வேலை பார்க்கும் மகனோ, மருமகளோ வீட்டில் இருந்தால், இந்தப் பரபரப்பு உங்களுக்கும் பழகியிருக்கும். 'கம்ப்யூட்டர் வேலைன்னாலே அப்படித்தான்' என்று பலரும் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள்.

ஆனால், புரோகிராமர்கள் ஆசானாகக் கொண்டாடும் ஒருவர், 1990 ஜனவரி 1 முதல் தனக்கென்று இமெயில் முகவரியே இல்லாமல் வாழ்கிறார். அவர், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு கனூத்.

வயிற்றுப்புண் சொன்ன பாடம்

1938-ல் பிறந்த கனூத், 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' என்ற நூலை எழுதத் தொடங்கியது 1962-ல். ஒரே புத்தகமாக முடிந்துவிடும் என்றுதான் நினைத்தார். கையால் எழுதிய பக்கங்கள் மூவாயிரத்தைத் தொட்டன. கூடவே வகுப்புகள், ஆராய்ச்சி, வெளியூர்ப் பயணங்கள், வீட்டில் இரண்டு கைக்குழந்தைகள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இழுத்துப்போட்டுச் செய்தவருக்கு 1967-ல் உடல் எச்சரிக்கை மணி அடித்தது. வயிற்றுப்புண் முற்றி மருத்துவமனையில் படுத்தார். அப்போது அவருக்கு வயது 29. வேலையைக் குறைத்தே ஆக வேண்டும் என்பதை அவருக்குப் புரியவைத்தது அந்தப் படுக்கைதான்.

பென்சிலில் எழுதிய புரோகிராம்

1977-ல் தன் புத்தகத்தின் அச்சு அழகாக இல்லை என்று வருந்தியவர், அச்சுக்கோப்பதற்கென்றே 'டெக்' என்ற மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். சீக்கிரம் முடிந்துவிடும் என்ற கணக்கு தப்பி, பத்து ஆண்டுகள் போயின. புத்தகம் எழுதுவதைவிட மென்பொருள் எழுதுவது கடினம் என்பது அதில் அவர் கண்ட உண்மை. அந்த புரோகிராமையும் முதலில் பென்சிலால் தாளில் எழுதி, பிறகுதான் கம்ப்யூட்டரில் ஏற்றினார்.

தவறுகளைக் கண்டு அவர் பதறுவதில்லை. தன் புத்தகத்தில் பிழை கண்டுபிடிப்பவர்களுக்கு 2.56 டாலர் பரிசு! கம்ப்யூட்டர்காரர்களுக்குப் பிடித்த 256 என்ற எண்ணை சென்ட் கணக்கில் வைத்துச் செய்த குறும்பு அது. பிழையைச் சுட்டிக்காட்டினால் முகம் சுளிக்கும் அலுவலகங்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

ஏன் மெயில் வேண்டாம்?

எல்லாச் செய்திகளையும் உடனுக்குடன் தெரிந்துகொள்வது சிலருக்கு அவசியம். தன் வேலையோ ஒரு விஷயத்தின் அடிவரை போவது. அதற்கு இடையூறில்லாத நீண்ட நேரம் வேண்டும் என்பது கனூத்தின் வாதம். கடிதங்களைச் சேர்த்துவைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மொத்தமாகப் பார்ப்பார். புத்தகத்தை முடிப்பதற்காகவே, பேராசிரியர் பணியிலிருந்து முன்கூட்டியே ஓய்வுபெற்றார். நான்காம் தொகுதியின் இரண்டாம் பகுதி வெளிவந்தது 2022-ல். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்குள் ஓர் இசைக்கூடம்

அதற்காக, 24 மணி நேரமும் புத்தகமே கதி என்று இருப்பவர் அல்ல. தேவாலயங்களில் ஒலிக்கும் பைப் ஆர்கன் என்றால் அவருக்கு உயிர். அவர் அப்பாவும் ஆர்கன் வாசித்தவர்தான். நூற்றுக்கணக்கான குழாய்கள் கொண்ட ஆர்கன் ஒன்றைத் தன் வீட்டிலேயே நிறுவினார். இரண்டு கைகளுக்கும் இரண்டு கால்களுக்கும் ஒருசேர வேலை கொடுக்கும் வாத்தியம் அது. வாசிக்கும்போது வேறு எதையும் யோசிக்க முடியாது. பல ஆண்டுக் கனவாக அவர் இயற்றிய ஆர்கன் இசைப்படைப்பு, 2018 ஜனவரி 10, அவருடைய 80-வது பிறந்தநாளன்று ஸ்வீடனில் அரங்கேறியது.

நம் வீட்டுக்கு என்ன பயன்?

உதவியாளர் வசதியுள்ள பேராசிரியரைப்போல, மாதச் சம்பளக்காரர் மெயிலைத் துறந்துவிட முடியாது. வீட்டுக்கடன் தவணை இருக்கிறதே! ஆனால், மெயிலுக்கென்று நாளில் சில நேரங்களை ஒதுக்கலாம். சாப்பாட்டு நேரத்தில் போனைத் தள்ளி வைக்கலாம். என்றோ பரணில் போட்ட வீணையையோ, கேரம் போர்டையோ தூசி தட்டி இறக்கலாம். பொழுதுபோக்கும் செல்போனிலேயே என்றால், கண்ணுக்கும் மனசுக்கும் ஓய்வே இல்லை.

கனூத்துக்கு 29 வயதில் வயிறு எச்சரித்தது. உங்கள் வீட்டுப் பிள்ளை சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு லேப்டாப்பை மடியில் வைத்திருந்தால், 'முதல்ல சாப்பிடு, அப்புறம் பார்க்கலாம்' என்று உரிமையோடு சொல்லுங்கள். அந்த மெயில் அரை மணி நேரம் காத்திருக்கும்!