ராய் மில்டன்

இசையரங்கில் பாடுவோர் முன்னே நிற்பர். முழவு கொட்டுவோர் பின்னே அமர்வர். பாடுவோரின் முகத்தை அவையினர் நன்கறிவர். தாளம் காப்போரின் பெயரைப் பலர் கேட்பதும் இல்லை. இவ்விரு பணிகளையும் தாம் ஒருவரே ஏற்று, அமெரிக்க நாட்டின் இசைக்குப் புதுநடை வகுத்தவர்களுள் ஒருவர் ராய் மில்டன்.

இவர் 1907 ஆம் ஆண்டில் ஒக்லகோமா மாநிலத்திலே பிறந்தார். டல்சா நகரில் வளர்ந்தார். 1920களின் இறுதியில் எர்னி ஃபீல்ட்ஸ் என்பாரின் இசைக்குழுவில் பாடகராகச் சேர்ந்தார். பின்னர் அங்கேயே முழவும் வாசிக்கலானார். 1933 இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடைந்து, நாளடைவில் ‘சாலிட் செண்டர்ஸ்’ என்னும் சிறு குழுவைத் தோற்றுவித்தார்.

‘டிரம்’ எனப்படும் மேலைநாட்டு முழவுத் தொகுதியை வாசித்தல் எளிதன்று. ஒரு கால் மிதிகட்டையால் பெருமுழவை அடிக்கும். மற்றொரு கால் இணைத்தட்டுகளைத் திறந்து மூடும். இரு கைகளும் கோல்கொண்டு சிறுமுழவையும் வெண்கலத் தட்டுகளையும் தட்டும். நான்கும் தத்தம் வழியே இயங்க, அவற்றின்மேல் குரல் தடுமாறாது செல்லல் வேண்டும். பாட்டிலே உணர்ச்சி மிகுந்தால் கை விரையும். கையிலே கருத்தூன்றினால் பாட்டுத் தளரும். இவ்விரண்டையும் ஒருங்கே ஆண்டார் மில்டன்.

அக்காலத்தில் கறுப்பின மக்களின் இசைத்தட்டுகளை வணிகர்கள் ‘இனத் தட்டுகள்’ எனப் பிரித்து வைத்தனர். 1945 இல் மில்டன் பதிவுசெய்த ‘ஆர். எம். ப்ளூஸ்’ என்னும் பாடல், மறு ஆண்டில் அம்மக்களிடையே பெரும்புகழ் பெற்றது. பெரிய இசைக்குழுக்களைப் பேணும் செலவு தாங்கற்கரியதாயிருந்த அந்நாளில், சிறு குழுவும் அரங்கை நிறைக்கலாம் என்பதை அது காட்டிற்று. 1949 இல் ‘பில்போர்டு’ இதழ் பழைய பெயரை விடுத்து, இவ்விசைக்கு ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ என்று பெயரிட்டது.

மில்டன் புகழைத் தமக்கே உரியதாக்கிக் கொள்ளவில்லை. அவர் குழுவிற் பியானோ வாசித்த கமில் ஹோவர்டு என்னும் பெண்மணி, தம் பெயரிலேயே தட்டுகள் வெளியிட்டுச் சிறப்புற்றார்.

1950களின் நடுவில் ‘ராக் அண்ட் ரோல்’ எழுந்தது. மில்டன் போன்றோர் பண்படுத்திய தாளநடையிலேயே இளையோர் பாடி உலகப் புகழ் எய்தினர். மில்டனின் பெயரோ மங்கியது. எனினும், 1970 இல் மான்டரே இசைவிழாவில் அவர் மீண்டும் மேடையேறினார். 1983 இல் இயற்கை எய்தினார்.

மாடத்தை வியப்போர் கடைக்காலைக் காண்பதில்லை. ஆயினும் கடைக்காலின்றி மாடம் நிற்பதில்லை.