கஞ்சியில் என்ன போட்டீங்க?

இரைப்பைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கு ஒரு பெரிய டம்ளர் கேழ்வரகுக் கஞ்சி, கருப்பட்டி தாராளமாகப் போட்டு. தெம்பு வரட்டும் என்ற அக்கறைதான். கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது, வயிறு கலக்குகிறது. மறுநாள் டம்ளரைப் பார்த்தாலே அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

மருத்துவர்கள் இதை ‘டம்பிங்’ என்பார்கள். உணவைத் தேக்கிவைத்துச் சிறிது சிறிதாகக் குடலுக்குள் விடும் தொட்டி இரைப்பை. அதை முழுதாகவோ பாதியாகவோ எடுத்துவிட்டால், இனிப்புக் கஞ்சி ஒரே பாய்ச்சலாகச் சிறுகுடலில் இறங்குகிறது. அதை நீர்க்கவைக்க ரத்தத்திலிருந்து நீர் குடலுக்குள் போகிறது. படபடப்பு அதனால்தான். கருப்பட்டியை நிறுத்தி, அளவைப் பாதியாக்கி, நாளுக்கு ஆறு வேளையாகப் பிரித்து, தண்ணீரைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் தள்ளிக் குடித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஆனால் ‘கஞ்சியில் என்ன போட்டீங்க?’ என்று கேட்க ஆள் வேண்டுமே. அடுத்த பரிசோதனைக்கு மூன்று வாரம் இருக்கிறது. ஆஸ்பத்திரி ஓர் இரவு பஸ் பயணம். எடை அதுவரை காத்திருக்காது. 60 கிலோ இருந்தவர் ஆறு மாதத்தில் தன்னை அறியாமல் 3 கிலோவுக்கு மேல் இழந்தால், அதாவது 5 சதவீதத்தைத் தாண்டினால், நோயால் உடல் உருகத் தொடங்கியதன் அறிகுறியாக அதைக் கொள்கிறார்கள்.

டயட்டீஷியனின் வாராந்தரப் போன் இந்த இடைவெளிக்குத்தான். நோயாளியைவிடச் சமைப்பவரிடம் பேசுவதே பலன் தரும் என்பேன். ‘நல்லா சாப்பிடுறாரு’ என்ற பதிலை நம்பக் கூடாது. தட்டில் மிஞ்சியதை வீடியோவில் காட்டச் சொன்னால் உண்மை தெரியும். எடையை ஒரே தராசில், ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். 60 கிலோ உடம்புக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,500 முதல் 1,800 கலோரி, குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம். நீர்த்த கஞ்சியால் அந்தக் கணக்கு நிரம்பாது. முட்டை, மீன், குழைய வேகவைத்த பாசிப்பருப்பு எல்லாம் சிறு சிறு அளவில் சேர வேண்டும்.

கணையத்தில் அறுவை சிகிச்சை ஆனவரிடம் கேள்வி வேறு: என்சைம் மாத்திரையைச் சாப்பாட்டோடு போடுகிறாரா, சாப்பிட்டு முடித்த பிறகா? பிந்திப் போட்டால் கொழுப்பு செரிக்காமல் மலத்தோடு போய்விடும்.

போனில் தீராதவையும் உண்டு. தண்ணீர்கூட இறங்காத வாந்தி, காய்ச்சல் என்றால் உடனே கிளம்ப வேண்டும். குடலில் வைத்த உணவுக்குழாய் கழன்று வந்துவிட்டாலும் அப்படித்தான். குழாய் நுழைந்திருந்த துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கிவிடும்.