வெள்ளைத் தாய்க்குச் சிவப்பு மகள்

பள்ளிக்கூட வாசலில் அட்டைப்பெட்டிக்குள் கீச்கீச்சென்று கத்தும் கலர் கோழிக்குஞ்சை ஒரு தடவையாவது வாங்காத வீடு எங்கள் தெருவில் கிடையாது. எங்கள் வீட்டுக்கு வந்தது ரோஸ் குஞ்சு. எனக்கு அது விளையாட்டுத் துணை; அம்மாவுக்கு நாளைய முட்டை. இந்தக் குஞ்சுகள் பெரும்பாலும் மூன்றாம் நாளே தலை சாய்ந்துவிடும். எங்களுடையது எப்படியோ பிழைத்தது. சாயம் வெளுத்து, இறக்கை முளைத்து, ஒருநாள் விடியற்காலையில் தொண்டை கட்டிய குரலில் கூவியது. வெள்ளைச் சேவல்! பக்கத்து வீட்டு மஞ்சள் குஞ்சும் சேவல்தான், எதிர்வீட்டுப் பச்சையும் சேவல்தான். எல்லாம் எப்படிச் சேவலாகவே போகும் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அம்மா மட்டும் "ஏமாத்திட்டான்" என்றார்.

பல வருடம் கழித்து நாமக்கல் பக்கம் ஒரு பொரிப்பகத்துக்குப் போனபோதுதான் விஷயம் விளங்கியது. நீண்ட மேசை, தலைக்குமேல் வெளிச்சமான விளக்கு, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கூடை. மேசைக்குப் பின்னால் நின்ற அக்கா குஞ்சை எடுப்பதும், இறக்கையை விரல்நுனியால் விசிறிபோல விரிப்பதும், ஏதோ ஒரு கூடையில் போடுவதும் ஒரே அசைவாக நடந்தன. எண்ணிப் பார்க்க முயன்று தோற்றுப்போனேன்.

"என்னத்தைக்கா பாக்குறீங்க?"

"ஏத்த எறக்கமா இருந்தா பெட்டைங்க சார். சரிமட்டமா இருந்தா சேவலுங்க. அவ்வளவுதானுங்க."

ஒரு குஞ்சை என் உள்ளங்கையில் வைத்து விரித்துக் காட்டினார். பிறந்து சில மணி நேரமே ஆன இறக்கையில், ஊசிமுனைபோல இரண்டு வரிசை முளைகள். கீழ்வரிசை பின்னால் பறக்கும் இறகாகப் போவது. மேல்வரிசை அதை மூடும் இறகு. பெட்டைக்குக் கீழ்வரிசை நீண்டும் மேல்வரிசை குட்டையாகவும் இருந்தன. சேவலுக்கு இரண்டும் ஒரே நீளம். இரண்டு மூன்று நாள் போய்விட்டால் இந்த வித்தியாசம் கலைந்துவிடும் என்பதால்தான் அத்தனை வேகம். சேவல் கூடையில் விழுந்தவைதான் சாயம் பூசி எங்கள் பள்ளிக்கூட வாசலுக்கு வந்திருக்கின்றன.

இந்த வித்தையை வீட்டு நாட்டுக்கோழிக் குஞ்சிடம் காட்டினால் பலிக்காது. அங்கே மேசையில் இருந்த குஞ்சுகளின் தாயும் தகப்பனும் இதற்கென்றே பொறுக்கி எடுக்கப்பட்டவை. தாய், இறகு மெதுவாக முளைக்கும் வம்சம். தகப்பன், சீக்கிரம் முளைக்கும் வம்சம். பிறந்த மகன்களெல்லாம் தாயைக் கொண்டிருந்தன, மகள்களெல்லாம் தகப்பனை. "தாயைப் போல பிள்ளை" என்ற நம் பழமொழி இந்த ஒரு விஷயத்தில் ஆண்பிள்ளையோடு நின்றுவிடுகிறது.

காரணம் குரோமோசோமில் இருக்கிறது. மனிதரில் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய். கோழியில் இது தலைகீழ். சேவலுக்கு ஒரே மாதிரி இரண்டு இசட்; பெட்டைக்கு ஓர் இசட், ஒரு டபிள்யூ. தாய் தன் ஒரே இசட்டை மகனுக்குத்தான் கொடுக்க முடியும். மகளுக்குப் போவது டபிள்யூ. ஆகவே இசட்டில் உட்கார்ந்திருக்கும் குணம் எதுவானாலும் மகளுக்குத் தகப்பனிடமிருந்து மட்டுமே வரும். பிறப்பது ஆணா பெண்ணா என்பதும் தாயின் கருமுட்டையிலேயே தீர்மானமாகிவிடுகிறது, சேவலின் விந்து வந்து சேர்வதற்கு முன்பே. பெண்பிள்ளை பிறந்ததற்கு மருமகளைக் கரித்துக்கொட்டும் மாமியார்களின் வாதம் மனிதரிடம் செல்லாது, கோழிக்கூண்டில் செல்லும்.

இறகு வேகத்தைவிடக் கண்ணுக்கு அழகான உதாரணம் நிறம்தான். பார்டு பிளிமத் ராக் என்று ஓர் அமெரிக்க இனம். உடம்பெல்லாம் கறுப்பும் வெளுப்புமாக, விபூதிப் பட்டை இழுத்ததுபோல வரிகள். அந்த வரிகளைப் போடும் மரபணு இசட்டில் இருக்கிறது. இந்த வரிப்பெட்டையோடு ரோட் ஐலண்ட் ரெட் சேவலைச் சேர்த்தால் குஞ்சுகள் எல்லாமே கறுப்பு. ஆனால் மகன்களின் உச்சந்தலையில் சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். மகள்களின் தலை முழுக்கறுப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பிரித்துவிடலாம்.

இங்கே ஆளை மாற்றிப் போட்டால் எல்லாம் கெட்டது. வரிச்சேவலையும் சிவப்புப் பெட்டையையும் சேர்த்தால் மகனுக்கும் மகளுக்கும் வரி மரபணு போய்ச் சேரும்; அத்தனை தலையிலும் பொட்டு. இனம் இரண்டும் அவைதான், தகப்பன் எது தாய் எது என்பது மட்டும் மாறியிருக்கிறது. அடுத்த தலைமுறையிலும் இதே சிக்கல். பொட்டு வைத்துப் பிறந்த மகனையும் கறுப்பு மகளையும் வளர்த்து இணை சேர்த்தால், பேரக்குஞ்சுகளில் ஆணிலும் பாதிக்குப் பொட்டு, பெண்ணிலும் பாதிக்குப் பொட்டு. "போன தடவை சரியா இருந்ததே" என்று தலையைச் சொறிய வேண்டியதுதான். கலப்புக் குஞ்சை வாங்கியவர் மறுபடி பொரிப்பகத்துக்கே போக வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வியாபாரிக்கு இதில் வருத்தம் இருக்காது.

இந்த வரிக்கோழியை அழகுக்காக வளர்த்தவர்களுக்கு விஞ்ஞானிகளுக்கு முன்பே ஒரு தலைவலி இருந்தது. கண்காட்சிக்குச் சேவலும் பெட்டையும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. சேவலோ எப்போதும் ஒரு படி வெளுத்தே பிறந்தது. இரண்டு இசட்டிலும் வரி மரபணு இருப்பதால் அதற்கு வெளுப்பு இரண்டு பங்கு. பெட்டைக்கு ஒரு பங்குதான். இது தெரியாமலேயே அவர்கள் பரிசுச் சேவலுக்கு ஒரு வம்சம், பரிசுப் பெட்டைக்கு வேறொரு வம்சம் என்று இரண்டு குடும்பம் வளர்த்துச் சமாளித்தார்கள். 1908-இல் ஸ்பில்மன் என்ற அமெரிக்கர்தான் இந்த வரி ஆண்-பெண்ணோடு ஒட்டிப் போகிறது என்று விளக்கினார். பழ ஈயின் வெள்ளைக் கண்ணை வைத்து இதே விஷயத்தைக் காட்டி மார்கன் என்ற விஞ்ஞானி பெயர் வாங்கியது அதற்கு இரண்டு வருடம் கழித்து. கோழி முந்திக்கொண்டது, பெயர் ஈக்குப் போனது.

முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் தீவனத்துக்குத் தட்டுப்பாடு. முட்டையிடாத சேவலுக்கு வாரக்கணக்கில் தானியம் போட்டு, கொண்டை முளைத்த பிறகு அடையாளம் காண்பது வீண் செலவு. நிறத்தை வைத்து முதல் நாளே பிரித்துவிடலாம் என்று யோசனை சொன்னவர் ரெஜினால்ட் பன்னெட். பிளஸ் டூ உயிரியலில் நாம் கட்டம் போட்டு நிரப்பினோமே, அந்தப் பன்னெட் கட்டத்தின் சொந்தக்காரர். அவர் பிறகு கேம்பிரிட்ஜில் மைக்கேல் பீஸ் என்பவரோடு சேர்ந்து ஒரு படி மேலே போனார். ஒரு தலைமுறையோடு தீர்ந்துபோகாமல், தூய இனமாகவே வளர்த்தாலும் தலைமுறை தலைமுறையாக ஆணும் பெண்ணும் நிறம் பிரிந்து பொரிக்கும் கோழி வேண்டும். கண்காட்சிக்காரர்களைப் படுத்திய அதே இரட்டைப் பங்கைத்தான் பிடித்துக்கொண்டார்கள். வரி மரபணுவைப் பழுப்பு நிறக் கோழிக்குள் கொண்டுவந்தபோது, பெண்குஞ்சின் முதுகுக் கோடுகள் தெளிவாகவும், இரண்டு பங்கு வாங்கிய ஆண்குஞ்சு வெளுத்து மங்கியும் பிறந்தன. 1929-இல் வந்த அந்த முதல் இனத்துக்குக் கேம்பார் என்று பெயர். பின்னால் வந்த லெக்பார் இன்றும் ஆர்வலர்களிடம் இருக்கிறது.

வியாபாரத்தில் இவை நிலைக்கவில்லை. அதற்குள் ஜப்பானியர் குஞ்சின் ஆசனவாயை லேசாகப் பிதுக்கி, உள்ளே தெரியும் கடுகளவு மேட்டைப் பார்த்து ஆண், பெண் சொல்லும் முறையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 1927-இல் ஒட்டாவாவில் நடந்த உலகக் கோழி மாநாட்டில் அது வெளியே வந்தது. அதற்கு இனம், நிறம் எதுவும் வேண்டாம். நீண்ட பயிற்சி மட்டும் வேண்டும்.

ஆனாலும் நிறம் தோற்றுப்போகவில்லை. இசட்டில் இருக்கும் இன்னொரு மரபணு பொன்னையும் வெள்ளியையும் பிரிப்பது. லைட் சசெக்ஸ் போன்ற வெள்ளித் தாய்க்கும் ரோட் ஐலண்ட் ரெட் போன்ற பொன் தகப்பனுக்கும் பிறக்கும் மகன் வெளிர்மஞ்சள் குஞ்சு, மகள் செம்பழுப்பு. உலகில் பழுப்பு முட்டையிடும் பண்ணைக் கோழிகளில் பெரும்பாலானவை இப்படிப் பிறந்த சிவப்பு மகள்கள். நாட்டுக்கோழி முட்டை என்று நாம் கூடுதல் விலை கொடுத்து வாங்கும் பழுப்பு முட்டையிலும் சில இந்த வழிதான்.

நாமக்கல் மேசையில் நிறம் ஏன் உதவவில்லை? அது லெகார்ன் வழிவந்த வெள்ளை முட்டைக்கோழி. அதன் வெள்ளை, மற்ற எல்லா நிறத்தையும் மேலே போட்டு மூடிவிடும் வெள்ளை. அடியில் வரி மரபணு இருந்தால்கூட வெளியே தெரியாது. அதனால்தான் இறகு வேகத்துக்குப் போனார்கள். அதுவும் சும்மா கிடைக்கவில்லை. மெதுவாக இறகு முளைக்கும் மரபணுவை ஒட்டியே கோழியின் இசட்டில் ஒரு பழைய வைரஸின் துண்டு தொற்றிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட தாய்க்குப் பிறந்த குஞ்சுகள் லூகோசிஸ் என்ற கட்டி நோய் வைரஸுக்குச் சுலபமாக இடம் கொடுப்பதாகத் தெரியவந்து, இனப்பெருக்கக்காரர்கள் அந்த வைரஸைத் தாய்க்கோழிகளிலிருந்து களையெடுக்க வேண்டியிருந்தது.

பிரித்த பிறகு முட்டையிடாத சேவலை என்ன செய்வது? ஜெர்மனியில் ஆண்டுக்குச் சுமார் 4.5 கோடி ஆண்குஞ்சுகளைப் பொரித்த அன்றே கொன்றுகொண்டிருந்தார்கள். 2022 ஜனவரி 1 முதல் சட்டம் அதைத் தடுத்தது. இப்போது முட்டைக்குள்ளேயே பிரிக்க வேண்டும், இல்லையென்றால் சேவலையும் வளர்க்க வேண்டும். முட்டைக்குள் பிரிக்க வந்த கருவிகளில் ஒன்று, 21 நாள் அடைகாலத்தின் பாதி கடந்த பிறகு முட்டைக்குள் ஒளி பாய்ச்சி, ஓட்டைத் துளைக்காமலேயே கருவின் இறகு நிறத்தைப் படிக்கிறது. செம்பழுப்பு தெரிந்தால் பெட்டை, தெரியாவிட்டால் சேவல். பன்னெட் காலத்துப் பொன், வெள்ளிக் கணக்கேதான். அதனாலேயே அது பழுப்பு முட்டைக்கோழிக்கு மட்டும் உதவும். வெள்ளைக்கோழியின் முட்டைக்குள் எத்தனை ஒளி பாய்ச்சினாலும் அண்ணனும் வெள்ளை, தங்கையும் வெள்ளை. எங்கள் வீட்டு ரோஸ் குஞ்சு அந்த ஜாதி.