சாணை பிடிப்பவரின் நுரையீரலுக்குச் சட்டத்தில் இடம் உண்டு

ஓசூரைத் தாண்டி மாநில எல்லையைக் கடந்ததும் வரும் அத்திபெலேயில் தொடங்கி, பொம்மசந்திரா, ஜிகணி வரை உலோகப் பாகங்களைக் கடைந்தும் குடைந்தும் தரும் பட்டறைகள் நிறைந்திருக்கின்றன. இத்தகைய பட்டறைகள் உள்ள இடங்களில், மழுங்கிப்போன வெட்டுக்கருவிகளுக்கு மறுபடி சாணை பிடித்துத் தரும் ரீகிரைண்டிங் கடைகளும் இருக்கும்; கொஞ்சம் பெரிய ஆலையென்றால் டூல் ரூமிலேயே ஒரு மூலையில் அந்த வேலை நடக்கும். எண்ட் மில்லோ லேத் டூலோ, அதன் முனை கூராக முடிந்தால் சீக்கிரம் உடைந்துவிடும். அதனால் முனையை 0.4, 0.8, 1.2 மில்லிமீட்டர் என்று சிறு ஆரத்தில் வளைத்து விடுகிறார்கள். தேய்ந்த வளைவைப் பழைய அளவுக்கே கொண்டுவருவது நுட்பமான வேலை. தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலிருந்து போனவர்கள் உட்படப் பலர் இந்த வேலையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வரக்கூடிய நோய் இன்னது என்று நம் நாட்டுச் சட்டம் பெயர் சொல்லியே பட்டியலிட்டிருக்கிறது. அது அவர்களில் எத்தனை பேர் காதுக்கு எட்டியிருக்கும் என்பதுதான் கவலை.

இந்த வளைவைத் தேய்ப்பதற்கு உதவுவது ரேடியஸ் பிக்சர். கருவியை ஒரு பிடியில் இறுக்கி, அந்தப் பிடியை ஒரு சுழல்முனையின் மேல் பொருத்துவார்கள். சுழல்முனைக்கும் வெட்டு முனைக்கும் உள்ள தூரத்தை மைக்ரோமீட்டர் திருகால் நகர்த்தி, வேண்டிய ஆரத்தை அமைக்கலாம். பிறகு கைப்பிடியைக் கால் வட்டம் திருப்பினால், முனை சாணைக்கல்லின் முகத்தில் சீரான வில்லாக உரசி வரும். வெறும் கையில் டூலைப் பிடித்துக் கல்லில் வைத்து, ரேடியஸ் கேஜைக் காட்டிக் காட்டித் தேய்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். அளவு பிசகாது, விரலும் கல்லை விட்டு விலகியே இருக்கும். பிக்சரைத் துல்லியத்துக்கான செலவு என்று மட்டும் பார்க்கும் உரிமையாளர்கள், அது ஒரு பாதுகாப்புச் சாதனமும்கூட என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் பிக்சர் கல்லை நெருங்க இடைஞ்சலாக இருக்கிறதென்று கல்லின் காப்பு மூடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டால், பிக்சரால் கிடைத்த பாதுகாப்பு அங்கேயே போய்விடும். வேகமாகச் சுழலும் கல் பிளந்தால் அந்தச் சில்லுகளைத் தடுக்க மூடியைத் தவிர வேறெதுவும் இல்லை. சாணை பிடிக்கும் ஒவ்வோர் எந்திரத்தின் அருகிலும் கல்லின் உச்சபட்சப் பாதுகாப்பான வேகத்தை எழுதி வைக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 30ஆம் பிரிவிலேயே கூறியது. கண்ணுக்குக் காப்பு தருவதை 35ஆம் பிரிவு கட்டாயமாக்கியது.

கல் உடைவதும் விரல் போவதும் எல்லோரும் அறிந்த ஆபத்துகள். பிக்சர் தடுக்காத ஆபத்து ஒன்று உண்டு, அது தூசு. இன்றைய வெட்டுக்கருவிகளில் பெரும்பகுதி கார்பைடு. டங்ஸ்டன் கார்பைடு துகள்களைக் கோபால்ட் என்ற உலோகம் ஒட்டிப் பிடித்து வைத்திருக்கிறது. எடையில் பெரும்பாலும் 6 முதல் 12 சதவீதம் கோபால்ட். 1920களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் க்ருப் நிறுவனம் இதை விடியா என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள், 1940இல், கார்பைடு தொழிலாளர்களின் நுரையீரலில் மாற்றங்கள் இருப்பதை அதே ஜெர்மனியின் மருத்துவர்கள் பதிவு செய்துவிட்டார்கள். கடின உலோக நுரையீரல் நோய் என்று இன்று அழைக்கப்படும் அந்த நோயில் வறட்டு இருமலும் மாடி ஏறினால் மூச்சிரைப்பும் தொடங்கி, நுரையீரல் திசு தழும்பேறி இறுகிப்போகிறது. சிலருக்கு அது ஆஸ்துமாவாக வெளிப்படும். எல்லோருக்கும் வருவதில்லை, உடல்வாகு யாருக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ, அவர்களுக்குச் சில ஆண்டுகளிலேயே வந்துவிடலாம். டங்ஸ்டன் கார்பைடுடன் சேர்ந்த கோபால்டை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் 2ஏ பிரிவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2006இல் வெளியிட்ட தொகுதியில் வைத்தது.

ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத முனையைத் தேய்ப்பதால் என்ன பெரிய தூசு வந்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வளைவை மட்டும் எடுத்தால் உதிர்வது துளிதான். ஆனால் மழுங்கிய எண்ட் மில்லின் நுனியை முதலில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பின்னுக்குத் தேய்த்த பிறகே புதிய வளைவை எடுக்க முடியும். 12 மி.மீ. விட்டமுள்ள கருவியில் அது ஏறத்தாழ ஒரு கிராம் கார்பைடு, அதாவது 100 மில்லிகிராம் வரை கோபால்ட். அதில் நூறில் ஒரு பங்கு மட்டுமே காற்றில் மிதக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் ஒரு மில்லிகிராம் ஆகிறது. அமெரிக்காவின் பணிச் சுகாதார ஆய்வு நிறுவனமான நயோஷ், ஒரு கன மீட்டர் காற்றில் 0.05 மில்லிகிராமுக்கு மேல் கோபால்ட் இருக்கக் கூடாது என்கிறது. அப்படியானால் ஒரே கருவி 20 கன மீட்டர் காற்றை அந்த எல்லைக்குக் கொண்டுபோகிறது. ஐந்து மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் உயரமும் உள்ள கடையை நிரப்ப ஐந்து கருவிகள் போதும். காற்றோட்டம் இதைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் தேய்ப்பவரின் மூக்கு அறையின் நடுவில் இருப்பதில்லை, கல்லுக்கு ஒரு முழம் தள்ளி இருக்கிறது.

கூலண்ட் ஊற்றித்தான் தேய்க்கிறோம், தூசே பறக்காது என்பது அடுத்த பதில். பார்வைக்குத் தூசு குறைவதும் உண்மையே. ஆனால் கோபால்ட் கூலண்டில் கரைகிறது. அதே கூலண்ட் வடிகட்டப்பட்டுத் திரும்பத் திரும்பச் சுற்றும்போது கரைந்த கோபால்டின் அளவு நாளுக்கு நாள் ஏறுகிறது; கல்லின் வேகத்தில் அது மென்சாரலாகத் தெறித்து, மூச்சோடு உள்ளே போகிறது. தோலில் பட்டுச் சொறி உண்டாக்குவதும் இந்தக் கரைசல்தான். ஆகவே ஈரம் மட்டும் காப்பாற்றாது. கல்லைச் சுற்றி மூடியும் அந்த மூடியிலிருந்து காற்றை இழுக்கும் உறிஞ்சியும் வேண்டும், கூலண்டைக் காலாகாலத்தில் மாற்றவும் வேண்டும், கோபால்ட் எளிதில் கரையாத வகைக் கூலண்ட் கிடைத்தால் அதை வாங்க வேண்டும். முகத்தில் கட்டும் கைக்குட்டையால் எந்தப் பயனும் இல்லை. தகுந்த வடிகட்டும் முகக்கவசம் உதவும் என்றாலும் அதைக் கடைசி அரணாகவே எண்ண வேண்டும். மாலையில் ஏர் ஹோஸை வைத்து எந்திரத்தையும் சட்டையையும் ஊதிச் சுத்தம் செய்யும் வழக்கமோ, நாள் முழுதும் படிந்ததை ஒரே நிமிடத்தில் மூச்சுக்குள் அனுப்புகிறது. அதை இன்றே நிறுத்தலாம், பைசா செலவில்லை.

உறிஞ்சி வைக்கச் சிறு கடைக்காரரிடம் பணம் ஏது என்பார்கள். ஜாப் ஒர்க் கட்டணம் எவ்வளவு இறுக்கமானது என்று தெரிந்தவர்கள் இந்த வாதத்தை எளிதாகத் தள்ள மாட்டார்கள். ஆனால் கார்பைடு கழிவுக்குச் சந்தையில் நல்ல விலை உண்டு. டங்ஸ்டனை மீட்டெடுப்பதற்காகத் தேய்த்த சேற்றையும் துகளையும் எடைபோட்டு வாங்குகிறார்கள். உறிஞ்சியின் பையில் சேர்வது விற்கக்கூடிய சரக்கு. அதைத் தொழிலாளியின் நுரையீரலில் சேரவிடுவது கணக்குப்படியும் நட்டம்.

அத்திபெலே என்ற ஊர்ப்பெயர் தமிழகத்தின் பல வீடுகளில் கேட்டது 2023 அக்டோபர் 7ஆம் தேதிக்குப் பிறகுதான். அன்று பட்டாசுக் கிடங்கில் பற்றிய தீயில் 14-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து வேலைக்குப் போனவர்கள். இரு மாநில அரசுகளும் உதவித்தொகை அறிவித்தன. ஒரே நாளில் நிகழும் சாவுக்கு அமைச்சர் வருகிறார், வழக்கு பதிவாகிறது. பத்து ஆண்டுகளில் மெல்ல நிகழும் சாவுக்கு யாரும் வருவதில்லை, அந்த மனிதரும் அதற்குள் வேலையை விட்டு ஊர் திரும்பியிருப்பார். இதை எதிர்பார்த்தே சட்டம் எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் இங்கே சொல்ல வேண்டிய முக்கியமான செய்தி. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, சி பகுதியில், கடின உலோகங்களால் வரும் மூச்சுக்குழல், நுரையீரல் நோய்களைச் சேர்த்திருந்தது. ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் அட்டவணையிலும் அது இருந்தது. அந்தச் சட்டங்களை உள்வாங்கி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அந்தப் பட்டியலைக் கைவிடவில்லை. பட்டியலில் உள்ள நோய், வேலையில் ஏற்பட்ட விபத்துக் காயத்துக்குச் சமமாகக் கருதப்படும். சி பகுதி நோய்க்கு, ஒருவர் பல முதலாளிகளிடம் மாறி மாறிச் செய்த வேலையையும் சேர்த்தே பார்ப்பார்கள். இழப்பீட்டை அந்த முதலாளிகளுக்குள் பங்கிடவும் உரிய அலுவலருக்கு அதிகாரம் உண்டு. இரண்டாண்டுக்கு ஒரு கடை என்று மாறும் சாணைத் தொழிலாளிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை.

பத்துப் பேருக்குக் குறைவான கடைகளுக்கு எந்தச் சட்டமும் பொருந்தாது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பாதி சரி. புதிய பணிப் பாதுகாப்புத் தொகுப்பின்படி மின்சாரத்தில் இயங்கும் இடம் தொழிற்சாலை ஆவதற்கு 20 பேர் வேண்டும், முன்பு 10 போதும். தொழிலாளர்களின் நலன் நோக்கில் இது பின்னடைவு என்றே சொல்ல வேண்டும். எனினும் 10 பேர் இருந்தாலே நியமனக் கடிதம் தருவது, ஆபத்துகளைத் தெரிவிப்பது முதலிய பொதுக் கடமைகளும் ஈ.எஸ்.ஐ.யும் பொருந்தும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர் ஈ.எஸ்.ஐ.யில் வருவார்; வேலையால் வந்த காயத்துக்கோ நோய்க்கோ தற்காலிகமாக வேலை செய்ய முடியாவிட்டால், சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். சி.என்.சி. கிரைண்டர் ஓட்டும் தேர்ந்த ஆள் அந்த வரம்பைத் தாண்டிவிட்டாலோ, கடையில் நான்கே பேர் இருந்தாலோ, சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் இழப்பீட்டு வழி திறந்திருக்கிறது. மின்சாரத்தால் உற்பத்தி வேலை நடக்கும் இடத்துக்கு அங்கே ஆள் எண்ணிக்கை கேட்பதில்லை. ஓசூரில் குடியிருந்து எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்கள், வீட்டுக்கும் பட்டறைக்கும் இடையிலான பயணத்தில் அடிபட்டாலும் அது வேலை விபத்தாகக் கருதப்படலாம் என்பதையும் அறிந்திருப்பது நல்லது.

இவ்வளவு இருந்தும் இழப்பீடு கைக்கு வராமல் போவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று மருத்துவரின் அறை. நீண்ட இருமலும் எடை இழப்பும் என்றால் நம் நாட்டில் முதலில் காசநோயைத்தான் சந்தேகிப்பார்கள், சந்தேகிக்கவும் வேண்டும். ஆனால் சளியில் கிருமி இல்லை, மருந்துக்கும் குணமில்லை என்னும்போது, நோயாளி தானாகவே வாய் திறந்து, ‘நான் கார்பைடு டூலுக்குச் சாணை பிடிக்கிறேன், இத்தனை வருஷமாக’ என்று சொல்ல வேண்டும். விடுமுறையில் ஊருக்குப் போனால் மூச்சு இலகுவாகிறதா, திரும்பியதும் இறுகுகிறதா என்பது முக்கியமான தடயம். நுரையீரலின் செயல்திறன் சோதனையும் நுண்மையான சி.டி. ஸ்கேனும் தேவைப்படும். பெங்களூருவில் ராஜீவ் காந்தி மார்பு நோய் நிலையம் இருக்கிறது; அகமதாபாத்தில் உள்ள தேசியப் பணிச் சுகாதார நிறுவனத்தின் தென்மண்டல மையமும் பெங்களூருவில்தான் இயங்குகிறது. தூசிலிருந்து சீக்கிரம் விலகினால் பலருக்குக் குணம் தெரியும். தழும்பேறிய பிறகு விலகினால் அது திரும்பாது. 40 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுதோறும் இலவச உடற்பரிசோதனை என்ற புதிய ஏற்பாடு வரவேற்கத்தக்கதுதான், ஆனால் இருபது வயதில் சாணை பிடிக்கத் தொடங்கியவருக்கு அது மிகத் தாமதம். அத்தகையவர் வேலையில் சேரும்போதே நுரையீரலின் திறனைக் காட்டும் ஊதுசோதனை செய்து தாளைப் பத்திரப்படுத்த வேண்டும். பின்னால் வரும் இழப்பை அளக்க அதுவே அளவுகோல்.

இரண்டாவது இடம் காகிதம். நியமனக் கடிதத்தில் ‘ஹெல்பர்’ என்று மட்டும் இருந்தால், கார்பைடு தேய்த்ததை நிரூபிப்பது பாடு. ‘டூல் கிரைண்டிங்’ என்று எழுதித் தரும்படி கேட்கலாம். ஈ.எஸ்.ஐ. எண், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய பக்கம், எந்தக் கடையில் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்ற குறிப்பு, கருவிப் பெட்டியிலோ அதன் பாதுகாப்புத் தாளிலோ கோபால்ட் எச்சரிக்கை இருந்தால் அதன் படம் ஆகிய எல்லாம் ஒரு கோப்பில் இருக்கட்டும். முதலாளிக்கு எதிராகச் சேர்க்கும் சாட்சி என்று இதை நினைக்க வேண்டாம். ஒழுங்காகக் காப்பீடு கட்டும் முதலாளிக்கும் இதே தாள்கள்தான் துணை.

புகார் எங்கே செய்வது என்பதில் எல்லைப்புறத் தொழிலாளிக்குக் குழப்பம் வருவது இயல்பு. பட்டறை அத்திபெலேயில் என்றால் கர்நாடகத் தொழிற்சாலைகள் துறைக்கு எழுத வேண்டும். ஜூஜுவாடி, ஓசூர் சிப்காட் என்றால் தமிழ்நாட்டின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். இழப்பீட்டு மனுவுக்கு இந்தக் கட்டு இல்லை. விபத்து நடந்த இடத்திலும் கொடுக்கலாம், மனுதாரர் வசிக்கும் பகுதியிலும் கொடுக்கலாம். ஆகவே தர்மபுரிக்கோ கிருஷ்ணகிரிக்கோ திரும்பிவிட்டவர் அங்கிருந்தே மனுச் செய்ய வழி உண்டு. ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவர் மட்டும் அதே காயத்துக்கு இந்த இழப்பீட்டு வழியில் தனியாகக் கேட்க முடியாது, ஈ.எஸ்.ஐ. மருத்துவக் குழுவின் வழியாகவே போக வேண்டும். இழப்பீட்டு மனுவுக்குப் பொதுவான கெடு இரண்டு ஆண்டுகள். வழக்கறிஞர் கட்டணத்துக்குப் பயந்து அந்தக் கெடுவைத் தவறவிட வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், தொழிலாளிக்கு வருமானம் எவ்வளவு என்று கேட்காமலேயே இலவச வழக்கறிஞர் தருகிறது. 15100 என்ற எண்ணில் அழைத்தால் உரிய சட்டப் பணிகள் ஆணையத்துக்கு வழி காட்டுவார்கள்.