புத்தக ஓரத்துக் கறுப்புக் கட்டம்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவருக்கு இணையப் பாடம் அச்சுப் புத்தகத்தின் வழியாகவே வந்து சேர்ந்தது. 2018-இல் 1, 6, 9, 11-ஆம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வெளியானபோது, பக்கங்களில் ஒரு கறுப்புவெள்ளைக் கட்டம் முளைத்திருந்தது. அந்தக் கியூஆர் கோடை செல்போனில் ஸ்கேன் செய்தால், மத்திய அரசு 2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய தீக்‌ஷா தளத்தில் அப்பாடத்துக்குரிய வீடியோ திறக்கும்.

அதே புத்தகங்களில் ‘இணையச் செயல்பாடு’ என்றும் ஒரு பகுதி உண்டு. கணக்கில் அது பெரும்பாலும் ஜியோஜீப்ரா மென்பொருளில் அமைந்திருக்கும். அதில் ஒரு முக்கோணத்தின் முனையை விரலால் இழுத்தால் மூன்று கோணங்களும் மாறுகின்றன. கூட்டினால் 180 டிகிரிதான். கரும்பலகையில் இதைக் காட்ட ஆசிரியர் பத்து முக்கோணமாவது வரைய வேண்டும்.

எல்லாம் சரி, செல்போன் வீட்டில் இருக்க வேண்டுமே. திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போகும் அப்பாவோடு வீட்டின் ஒரே ஸ்மார்ட்போனும் போய்விடும். பிள்ளையின் கைக்கு அது வரும்போது அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வால்பாறை. அங்கே எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து சிக்னல் தேடி மேட்டுக்குப் போக வேண்டிய இடங்கள் உண்டு.

டேட்டா வேண்டாத வழி டிவி. 2019 ஆகஸ்ட் 26-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அடுத்த மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடியதும் அதன் அருமை தெரிந்தது. ஆனால் டிவியை நிறுத்திச் சந்தேகம் கேட்க முடியாது. 2023-இல் வந்த ‘மணற்கேணி’ செயலியில் வீடியோவை வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், பார்த்து முடித்ததும் கேள்விகளுக்கு விடையளித்துச் சரிபார்க்கலாம். பெயர் 396-ஆம் குறளிலிருந்து எடுத்தது.

ஸ்மார்ட்போனும் இணையமும் எட்டாத இதே முடிச்சுதான் ஆப்பிரிக்காவிலும். அவிழ்த்த விதம் வேறு. கென்யாவின் எனேசா நிறுவனம் சாதாரண பட்டன் போனுக்கே எஸ்எம்எஸ்ஸில் பாடமும் கேள்வியும் அனுப்பியது. கொலிப்ரி என்னும் இலவச மென்பொருளில் பாடங்களை ஒருமுறை இறக்கிவைத்தால் போதும். இணையம் இல்லாத பள்ளியிலும் வகுப்பறை வைஃபையில் எல்லோரும் படிக்கலாம்.

ஏற்றிய பாடத்தைப் பராமரிப்பதும் பெரும்பாடு. ஃபிளாஷ் மென்பொருள் 2020 முடிவில் நிறுத்தப்பட்டதும், அதில் எழுதிய செயல்முறைகள் உலகெங்கும் திறக்காமல் போயின. புத்தகத்தில் அச்சான இணைய முகவரி செத்துவிட்டால் மறுபதிப்பு வரை காத்திருக்க வேண்டும். கியூஆர் கோடுக்கு அந்தக் கவலை இல்லை. கட்டம் அப்படியே இருக்க, அதன் பின்னால் உள்ள பாடத்தைத் தீக்‌ஷாவில் மாற்றிவிடலாம்.