சந்தனம், கிரீஸ், சுண்டல்: அம்பத்தூர் பட்டறைக்குள் ஓர் எட்டு!

ஆயுத பூஜைக்கு முந்தின சாயங்காலம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்குள் எட்டிப் பார்க்க இடம் கிடைத்தால் விடுவேனா? வாங்க, நீங்களும் வாங்க! செருப்பைக் கழற்றிடாதீங்க, தரையெல்லாம் இரும்புச் சுருள், காலைக் கிழித்துவிடும்.

1960-களில் உருவான தொழிற்பேட்டை இது. ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிறது. ஆயிரத்துக்கும் அதிகமான தொழிற்கூடங்கள். தெருவிலிருந்து பார்த்தால் ஷீட் கூரையும் ஷட்டரும்தான். கூத்தெல்லாம் உள்ளே!

ஒரு மூலையில் சிஎன்சி மெஷின் இன்னும் ஓடுகிறது; நாளைக்கு எதையும் தொடக் கூடாதே, அவசர ஜாப் இன்றே முடிந்தாக வேண்டும். இன்னொரு மூலையில் வாழைக்கன்று, பொரி மூட்டை, பூசணிக்காய். நடுவில் முழங்கை வரை கறுப்பாக, டீசலில் நனைத்த வேஸ்ட் துணியால் பழைய லேத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பவர்தான் முதலாளி. சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்கிறது.

"மொதலாளி, பேங்க்லேர்ந்து போன்!" என்று கணக்கு பார்க்கும் அக்கா கத்துகிறார்.

"கை அழுக்கா இருக்குன்னு சொல்லும்மா. நாளன்னைக்கு வரைக்கும் அழுக்காத்தான் இருக்கும்னும் சொல்லு!"

பட்டறையே சிரிக்கிறது.

சிரிப்பு அடங்கியதும் மெல்லக் கேட்டேன்: இத்தனை தலைவலியில் தெம்பு எங்கிருந்து வருது? "ரூம்ல உக்காந்தா வராத பில்லுதான் கண்ணுல படும் சார். மெஷின்கிட்ட வந்தா ஒரு பீஸாவது முடிஞ்சு கைக்கு வருது. அன்னிக்கு அது போதும்." வராத பில்லையும் அவர் ஒளிப்பதில்லை. எந்தக் கம்பெனி எவ்வளவு பாக்கி என்று சுவர்ப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்; ஹெல்பர் பையனுக்குக்கூட மனப்பாடம்.

அதே சுவரில் தொடை உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளம் விட்டுப்போனது. மோட்டாரெல்லாம் தண்ணிக்குள். இழுத்து மூடிவிடலாம் என்றுதான் வந்தாராம். "பசங்க எனக்கு முன்னாடியே வாளியோட நிக்கிறாங்க. அப்புறம் நான் என்னத்த மூடறது?"

பூஜை மேசைக்கு வாங்க. வெர்னியர், மைக்ரோமீட்டர், ஸ்பேனர், கணக்கு நோட்டு எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. ஓரத்தில் அளவு தப்பி ரிஜெக்ட் ஆன ஒரு பீஸ், அதற்கும் குங்குமம்! "அதுவும் நம்ம புள்ளதானே" என்கிறார் ஃபோர்மேன். போன மாதம் 17-ஆம் தேதி விஸ்வகர்மா பூஜை கொண்டாடிய ஒடிசா தம்பிக்கு இது இரண்டாவது ரவுண்டு. "ரெண்டு பூஜை, ரெண்டு தடவை ஸ்வீட்!" என்று கண்ணடிக்கிறான். நாளைக்குப் பூசணிக்காய் உடைக்கப் போவதும் அவன்தான். புதிதாகச் சேர்ந்தவர் உடைப்பது இங்கே வழக்கமாம்.

கிளம்பும்போது கை நிறையச் சூடான சுண்டல். சம்பள நாளை நினைத்துத் தூக்கம் கெட்டாலும் காலையில் சிரித்துக்கொண்டு ஷட்டரைத் தூக்குகிறவர்கள் இந்த எஸ்டேட்டில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். இவர்களிடம் ஜாப் கொடுக்கும் பெரிய கம்பெனிக்காரர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை: சிறு தொழிற்கூடங்களின் பில்லை 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று 2006-லேயே சட்டம் வந்துவிட்டது. அதை மட்டும் கடைப்பிடியுங்கள். உற்சாகத்தை இவர்கள் பார்த்துக்கொள்வார்கள்!